தலைக்கணக்கு

முதலில் நான்கு.
நான்கென்றால் நான்குதான் என்று
மெஸ் பஷீரிடம் கைமேல் அடித்துச் சொன்னேன்.
கேம்ப்புக்குப் பின்னால் துருவேறிக் கிடந்தது
பழைய இரண்டடுக்குக் கட்டில் ஒன்று.
மேலே பிளைவுட், சுற்றிலும் வலை.
கீழ்த்தட்டு நான்கு பேருக்குத் தாராளம்.
மேல்தட்டு காலி.

காலியாக ஓரிடம் இருப்பதை
என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.
அது என் உத்தியோகம்.
சோஹாருக்கு வெளியே, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு
வந்து இறங்குகிற ஆட்களை
எந்த அறை எந்தக் கட்டில் என்று
பேரேட்டில் ஏற்றுகிறவன் நான்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் முராத்
வாங்கிக்கொள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
கூண்டை என் பக்கம் லேசாகத் திருப்பி வைப்பான்.
அவ்வளவுதான்.
சாம்பல் புள்ளிக்காரி ஒன்றரை ரியால்.
தனியாக வந்தால் மிரளுமே, துணைக்கு ஒன்று.
கழுத்தில் இறகே இல்லாத ஒன்றை
வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்பதற்காக வாங்கினேன்.
அடுத்த வாரம்
யாரோ வாங்கிவிடுவார்கள் என்பதற்காக இன்னொன்றை.
பெட்டை என்று சத்தியம் செய்து தந்த குஞ்சுகளில்
இரண்டு சேவலாயின.
இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள்
கண் அயரும் நேரம் பார்த்துத்தான் கூவும் இரண்டும்.

‘இப்போ எத்தனை?’ என்பாள் தெரசா போனில்.
‘பத்துப் பன்னிரண்டு இருக்கும்.’
‘சும்மா இருங்க, கேக்குறேன்.’
போனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்,
தீவனம் கொத்தும் சத்தம் கடல் தாண்டிப் போனது.
‘இருபத்திமூணு.’
இருபத்திநான்கு.
ஒன்று முட்டையிடப் போயிருந்தது.

ஜூனில் வலைக்கம்பியைத் தொட்டால் சுட்டது.
அலகு பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிவைத்து,
கோடை முழுக்க யாரையோ கட்டிப்பிடிக்க நிற்பதுபோல்
நின்றன எல்லாம்.
ஸ்டோரிலிருந்து பெரிய ஃபேன் எடுத்து வைத்தேன்.
தண்ணீர்த் தட்டில் மெஸ்ஸின் ஐஸ்.
ஆனாலும் மேல்தட்டில்
ஒன்றின் வாலை மற்றது கொத்தியது.
ரத்தம் கண்டதும் எல்லாமே கொத்தின.
கழுத்தில் இறகில்லாததைத்தான் கடைசியில் எடுத்துப் புதைத்தேன்.
ஒரு கட்டிலுக்குப் பன்னிரண்டு.
கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்த வாரமே மஸ்கட் ஆபீஸிலிருந்து:
இன்னும் பதினாறு பேர், சரிக்கட்டவும்.
ஒன்பதாம் அறையில் எட்டைப் பத்தாக்கினேன்.
பேனா தடங்கவில்லை. தடங்கியதாக எழுத ஆசைதான்.

சாயங்காலம் தாஜுல் வந்தான்.
தலையணை கக்கத்தில் இருந்தது.
என்னிடம் பேசவில்லை. கூண்டையே பார்த்தான்.
பிறகு ஃபேனை.
‘நல்ல ஃபேன், பாஸ்’ என்றான் அவன் இந்தியில்,
நிஜமாகவே மெச்சுகிற குரலில்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
ஆறு முட்டை கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான்.
பத்துப் பேருக்கு ஆறு முட்டை.

ராத்திரி ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய்
ஒன்பதாம் அறைக் கதவருகில் வைத்தேன்.
கூண்டு அதற்குமேல் தாங்காது.
வெள்ளிக்கிழமை விடிவதற்குள்
அட்டைப்பெட்டிகளில் துளை போட்டு
பதினைந்தைப் பிக்கப்பில் ஏற்றினேன், இரண்டு சேவலையும் சேர்த்து.
முராத் பாதி விலை சொன்னான்.
பேரம் பேசவில்லை.

எண்ணிப் பணம் தந்தபின்
கடைக்குள் எதையோ தேடுகிறவன்போல் குனிந்தான்.
எழுந்து, ஒரு சின்னக் கூண்டை
என் பக்கம் திருப்பி வைத்தான்.
செம்பு நிறம். காலில்கூட இறகு.
ஒற்றைக்கண்ணால் என்னை அளந்தது.

கேம்ப்புக்கு முப்பது கிலோமீட்டர்.
பக்கத்து சீட்டில்
பெட்டி காலியாக இருந்தது.